வீட்டில் மாற்றிய மின்காருக்கும் பேரணியில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்த புகை வாகனப் பேரணி பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் படத்தோடு செய்தி வந்திருந்தது. கல்லூரி மைதானத்தில் வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பக்கத்தில், ஓரமாக ஒரு வெள்ளை மாருதி 800 நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் வண்டி. பேரணியில் ஓடிய வண்டிகளின் பட்டியலில் அதன் எண் இல்லை. ஏன் இல்லை, அடுத்த முறை ஏன் இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பு ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மில் மூடிய பிறகு இந்தக் கைத்தொழில்தான் சோறு போட்டது. கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், லேத் மோட்டார் என்று கருகி வருவதையெல்லாம் பிரித்து, பழைய கம்பியை உருவி, புதுக் காயில் கட்டி, வார்னிஷ் விட்டுக் கொடுப்பேன். மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் கன்ட்ரோலர் போர்டு டிசைன் செய்கிறாள். வண்டியை மின்சாரத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தது அவள்தான்.

வண்டி 1998 மாடல், கார்புரேட்டர் வைத்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் மேல் நீலப் புகை அடிக்கும். பாடி மட்டும் துரு ஏறாமல் கெட்டியாக இருந்தது. இந்த மாதிரி வண்டியை எஞ்சின் பிரித்து வேலை பார்ப்பார்கள், இல்லையென்றால் காயலான் கடைக்குத் தள்ளுவார்கள். நாங்கள் எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மோட்டார், ஒரு மில்லில் கழித்துப் போட்ட பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்தது. மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார். நானே மறுபடி காயில் கட்டி, இரண்டு பக்கமும் பேரிங் மாற்றினேன். உண்மையில் கஷ்டமான வேலை, அந்த மோட்டாரை மாருதி கியர்பாக்ஸோடு சேர்க்கிற அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும்தான். இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நூலிழை விலகினாலும் வேகம் ஏறும்போது அதிர்வு வரும், பேரிங் போகும், ஷாஃப்ட்டின் பல்லான ஸ்ப்ளைன் தேய்ந்துவிடும். ஆவாரம்பாளையத்தில் பம்ப் ஷாஃப்ட் கடைகிற ஒரு லேத்காரர், டயல் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைந்து கொடுத்தார். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர் போன இந்த ஊரில் அந்தக் கை இன்னும் இருக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 24. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். எல்லாவற்றையும் தொடராக இணைத்தால் 76.8 வோல்ட், பதினொன்றரை யூனிட் மின்சாரம் பிடிக்கும். மற்ற லித்தியம் வகைகளோடு பார்த்தால் இது கொஞ்சம் கனம், ஆனால் சூடு தாங்கும், எளிதில் தீப்பற்றாது. அதற்காகவே இதை எடுத்தோம். பாதிச் செல்களை முன்னால் எஞ்சின் இருந்த இடத்திலும், பாதியைப் பின்னால் டேங்க் இருந்த இடத்திலும் இரும்புப் பெட்டி அடித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் பார்க்கிற போர்டு மகளின் வேலை. ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டினால் பேட்டரி இணைப்பைத் திறந்து மூடுகிற ஸ்விட்சான கான்டாக்டரை அதுவே துண்டித்துவிடும். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு அவசர ஸ்விட்ச், பேட்டரி பக்கத்திலேயே மெயின் ஃபியூஸ், பெரிய கரண்ட் போகும் கேபிள் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு உறை. எஞ்சின் போனதும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது என்பதால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப். ஹாரன், லைட், வைப்பருக்கு 12 வோல்ட் கொடுக்க ஒரு கன்வர்ட்டர். சார்ஜ் போட வீட்டில் இருக்கிற 15 ஆம்பியர் பிளக் போதும்.

இதுவரை வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டியதில்லை. மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் காம்பவுண்டுக்குள், உரிமையாளரிடம் கேட்டு, அங்கேதான் ஓட்டிப் பார்த்தோம். பேரணி நடந்த மைதானத்துக்கும் மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். காரணம் சட்டம், அதற்குப் பிறகு வருகிறேன்.

பேரணி, அதாவது ராலி என்றதும் பலருக்கு மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறக்கிற கார்தான் நினைவுக்கு வருகிறது. இது அப்படிப்பட்டது அல்ல. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் பார்க்கிற ராலி. கையில் ஒரு ரோடு புக் கொடுப்பார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்ன சராசரி வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். வழியில் எங்கே மார்ஷல் நின்று நேரம் குறிக்கிறார் என்று தெரியாது. தாமதமாகப் போனாலும் மார்க் குறையும், முன்கூட்டிப் போய் நின்றாலும் குறையும். பக்கத்து சீட்டில் இருக்கிற நேவிகேட்டர்தான் பாதி வண்டி. எங்களுக்கு அது மகள். இந்தப் பேரணியில் இதோடு இன்னொன்றும் சேரும்: கிளம்பும் முன் முழு சார்ஜ் ஏற்றி சாக்கெட்டுக்கு சீல் வைப்பார்கள், திரும்பி வந்ததும் பேட்டரியில் எவ்வளவு மீதி என்று பார்ப்பார்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆனைமலை போய்த் திரும்புகிற பாதை. நடுவே பொள்ளாச்சியில் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் சார்ஜ் போட அனுமதி. பெரிய ஏற்றம் இல்லாத ரோடு. எங்கள் வண்டிக்குக் கச்சிதமான பாதை.

விண்ணப்பத்தில் எரிபொருள் என்ற இடத்தில் "மின்சாரம், சொந்தமாக மாற்றியது" என்று மறைக்காமல் எழுதித்தான் கொடுத்தோம். வாகனச் சோதனை அன்று வந்த பொறியாளர் போனட்டைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். ஃபியூஸ் அளவு கேட்டார், அவசர ஸ்விட்சை அமுக்கிப் பார்த்தார், கீழே படுத்து மவுண்டிங்கை ஆட்டிப் பார்த்தார். எழுந்து வந்து, "ஐயா, வேலை சுத்தமா இருக்குதுங்க. ஆனா ஆர்.சி.யில பெட்ரோல்னு இருக்குதுங்களே, நான் என்னங்க பண்றது?" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொது ரோட்டில் ஓடுகிற பேரணியில் சட்டப்படி ஓடக்கூடாத வண்டியை அவர் எப்படி விடுவார்? மைதானத்துக்குள் மட்டும், போட்டிக் கணக்கில் சேராமல், ஓட்டிக் காட்ட அனுமதித்தார்கள். 20 கி.மீ. ஓட்டி மறுபடி சார்ஜ் போட்டதில் மீட்டர் காட்டியது 2 யூனிட்டுக்குச் சற்று மேல்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆனால் அதே பிரிவு, பேட்டரி, சி.என்.ஜி., சூரிய சக்தி, எல்.பி.ஜி. என்று பெயர் சொல்லி, இவற்றில் ஓடும்படி மாற்றும் கிட் பொருத்திக்கொள்ள நிபந்தனைகளோடு இடம் தருகிறது. 2016இல் மத்திய அரசு அதற்கான விதியையும் கொண்டுவந்தது. அந்த கிட்டுகளைச் சோதிக்க ஏ.ஐ.எஸ். 123 என்ற தரமும் இருக்கிறது. ஆனால் அந்த வழி கிட் தயாரிக்கிற கம்பெனிக்குப் போட்ட வழி. இந்த மாடல் வண்டிக்கு இந்த கிட் என்று புனே, மானேசர், நம் ஓரகடம் போன்ற இடங்களில் இருக்கிற சோதனை மையங்களில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு கம்பெனி அங்கீகரித்த ஆள் பொருத்த வேண்டும். அதன் பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எரிபொருளை மாற்றி எழுதுவார்கள். ஆயிரக்கணக்கில் கிட் விற்கப் போகிறவருக்கு இந்தச் செலவு கட்டும். ஒரே ஒரு வண்டியைத் தன் கையால் மாற்றியவர் எந்தக் கதவைத் தட்டுவது? நாங்கள் போய்க் கேட்ட அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதற்கென்று ஒரு படிவம்கூட இல்லை என்பதுதான் பதில்.

இதனால் வருகிற நிலைமையைப் பாருங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும்வரை இந்த வண்டிக்குப் புகைச் சான்று வேண்டும். சோதனைக் குழாயைச் செருக வண்டியில் சைலன்சரே இல்லை. மின்வாகனத்துக்குக் கிடைக்கிற பச்சை நம்பர் பலகையும் கிடைக்காது. மாற்றி முடித்த வண்டி, எந்தப் பட்டியலிலும் சேராமல் ஷெட்டில் நிற்கிறது.

பாதுகாப்புக்குத்தான் இந்தக் கெடுபிடி என்றால், அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்ட வீட்டில் அப்பாவும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. நானும் என் மகளும் வீட்டில் பேட்டரி வேலை பார்க்கிறவர்கள். அந்த வருடம் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகுதான் மத்திய அரசு பேட்டரிச் சோதனைகளை இறுக்கியது. அது சரியான காரியம். கம்பெனி வண்டிக்கே அவ்வளவு சோதனை வேண்டும் என்றால் வீட்டில் கட்டிய வண்டிக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். சோதனை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க ஓர் இடம் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த வழி அடைபட்டிருந்தால், அவசரக்காரர்கள் யாருக்கும் காட்டாமல் மாற்றி, இரவில் ரோட்டில் எடுத்துவிடுவார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சோதிக்க ஆள் இல்லை, அனுபவம் இல்லை என்றும் சொல்ல முடியாது. செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. நாடு முழுவதும் இருந்து கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களைக் கொண்டுவருகிறார்கள். அதில் மின்கார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. டிராக்கில் இறங்கும் முன் இன்சுலேஷன் பார்க்கிறார்கள், அவசரத் துண்டிப்பு பார்க்கிறார்கள், வண்டி மேல் தண்ணீர் தெளித்து மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேறாத வண்டி இறங்காது. கையால் கட்டிய மின்வண்டியைச் சோதிக்க விதிப் புத்தகமும் இருக்கிறது, சோதித்துப் பழகிய பொறியாளர்களும் நம் ஊருக்கு வந்து போகிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகளின் வண்டிக்குச் செய்ய முடிகிற சோதனையை எங்கள் மாருதிக்கு ஏன் செய்ய முடியாது?

அந்த டிராக் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அமைப்பாளர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கோவைக்காரரான எஸ். கரிவரதன், இதே மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, இங்கேயே சேசிஸ் கட்டி, ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை 1980களின் இறுதியில் உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத பையன்களுக்கு அதுதான் முதல் ரேஸ் கார் ஆனது. பின்னால் ஃபார்முலா ஒன் வரை போன நம் ஊர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். உள்ளூரில் கட்டிய வண்டிக்கு ஒரு பிரிவை ஏற்படுத்தி இடம் கொடுத்ததால் நடந்தது அது. ஜி.டி. நாயுடு இதே ஊரில் 1937இல் மின் மோட்டார் செய்து காட்டினார். 1993இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் வைத்த லவ்பேர்ட் என்ற இரண்டு பேர் போகும் மின்கார், சாலக்குடியிலும் கோவையிலும் தயாரானது. பெங்களூரில் ரேவா மின்கார் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 2001இல். மின்கார் இந்த ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை.

வெளியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1985இல் சுவிட்சர்லாந்தில் ரோமன்ஸ்ஹார்னிலிருந்து ஜெனிவா வரை டூர் த சோல் என்று சூரியசக்தி வண்டிப் பந்தயம் நடத்தினார்கள். அதைப் பார்த்து அமெரிக்காவில் 1989 முதல் 2006 வரை அதே பெயரில் ஒரு பேரணி நடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் தனியாட்களும் மாற்றிய பழைய கார்கள், பெரிய கம்பெனிகளின் கார்களோடு அதில் ஓடின. ஆஸ்திரேலியாவில் தனியொருவர் மின்சாரத்துக்கு மாற்றிய காரை, அரசு அங்கீகரித்த பொறியாளர் சோதித்துக் கையெழுத்திட்டால் பதிவு செய்துகொள்ளலாம். மின்சார மாற்றத்துக்கென்றே அங்கே எழுதப்பட்ட வழிகாட்டி இருக்கிறது.

புகைக்குழாய் இல்லாததால் புகையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் நாட்டின் சராசரி, ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. எங்கள் வண்டி ஒரு கி.மீ.க்கு 0.11 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால் சுமார் 77 கிராம். பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, இதே வண்டி பெட்ரோலில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தபோது ஒரு கி.மீ.க்கு 150 கிராமுக்கு மேல். அப்படியே பாதி. பாலக்காட்டுக் கணவாயில் காற்று இறங்கி உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற மாதங்களில் தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் குறையும். அப்புறம், இந்த வண்டிக்காகப் புது இரும்பு உருகவில்லை, புதுக் கண்ணாடி வார்க்கவில்லை. கதவும் சீட்டும் கியர்பாக்ஸும் 1998இல் செய்தவை. புது வண்டி செய்யும்போது வெளியாகிற புகையில் பேட்டரி போக மீதி எல்லாம் இங்கே மிச்சம். குறைந்த புகை என்று பெயர் வைத்த பேரணி இந்த மிச்சத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மார்க் போடும் முறையிலும் ஒரு திருத்தம் கேட்கிறேன். இந்தப் பேரணியில் திரும்பி வந்தபோது பேட்டரியில் எத்தனை சதவீதம் மீதி என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் பெரிய பேட்டரி வைத்த வண்டிதான் எப்போதும் முந்தும். இரண்டு டன் எடையுள்ள எஸ்.யூ.வி. அதிக மின்சாரத்தைச் செலவழித்துவிட்டும் அதிக சதவீதம் மீதி காட்டும். ஒரு கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று மீட்டர் வைத்து அளப்பதே நியாயம். சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனம் (எஃப்.ஐ.ஏ.) நடத்துகிற ஈக்கோ ராலிகளில் நேர ஒழுங்கோடு ஆற்றல் செலவையும் சேர்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். இங்கே அதற்குத் தேவை ஆளுக்கொரு சாதாரண எனர்ஜி மீட்டர். டவுன்ஹால் பக்கம் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

அடுத்த பேரணிக்கான விதிகளை இப்போதிலிருந்தே எழுதத் தொடங்குவார்கள் என்று கேள்வி. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் மாற்றிய வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரிவு வைத்து, அந்தப் பிரிவின் ஓட்டத்தை மட்டும் செட்டிபாளையம் டிராக்குக்குள் நடத்தலாம். ஒரு சுற்று 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். சராசரி வேகம் கொடுத்து, சுற்றுக்குச் சுற்று நேரம் குறித்து, கடைசியில் யூனிட் கணக்கு எடுத்தால் முழு ராலியும் அங்கேயே நடந்துவிடும். மூடிய டிராக்கில் ஆர்.சி. கேள்வியும் வராது. மின்சோதனையில் தேறாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள், எங்களுடையதாக இருந்தாலும் சரி.

தமிழக அரசிடம் கேட்பது வேறு. போக்குவரத்துத் துறை மத்திய அமைச்சகத்துக்கு எழுதி, தனியொரு வண்டிக்கு ஒப்புதல் பெறும் வழியை ஏ.ஐ.எஸ். 123இல் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஓரகடத்தில் இருக்கிற சோதனை மையமோ, அவர்கள் அங்கீகரிக்கிற பொறியியல் கல்லூரியோ, நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு, பிரேக், எடை, இன்சுலேஷன், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துச் சான்று கொடுக்கட்டும். கோவையில் மட்டும் எத்தனை காயில் கட்டும் பட்டறைகள், எத்தனை லேத் பட்டறைகள் வேலை குறைந்து நிற்கின்றன என்று இந்தப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். பழைய வண்டிகளை ஒழுங்காக மாற்றிக் கொடுக்கிற தொழிலை இவர்களால் நாளைக்கே தொடங்க முடியும்.

பேரணி அமைப்பாளர்களோ, போக்குவரத்துத் துறைப் பொறியாளர்களோ வண்டியைப் பார்க்க விரும்பினால் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். வயரிங் படம், செல்களின் சோதனைப் பதிவு, அடாப்டர் பிளேட்டின் அளவுகள் எல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு அந்த அளவுகளை இலவசமாகவே கொடுக்கிறோம். மாருதி 800 கியர்பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கணபதி, கோவை-6